மூடியில் என் பெயர்

அடுப்பில் மால்ட் தூள் கொதிக்கிறது. பேக்கரி வாசலில் நிற்பது போல வீடு முழுக்க அந்த வாடை. நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. உனக்காக அழுதேனா என்று யாராவது கேட்டால், அழுதேன் என்றுதான் சொல்வேன். ஆனால் அழுததைவிட அதிகமாகக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன். செத்துப்போனவளிடம் என்ன கோபம் என்கிறார்கள். உயிரோடு இருந்தபோது படத் தவறிவிட்டேன், இப்போதாவது பட்டுக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடாத வீடு நம் சபையில் கிடையாது. பாஸ்டரம்மாவே சின்ன கிளாஸில் வாங்கிக் குடித்துவிட்டு, "போன வருஷத்தைவிட நல்லா வந்திருக்கு" என்பார்கள். அதே ஈஸ்ட்தான். திராட்சை இருந்த இடத்தில் பார்லி வந்தால் மட்டும் அது குடியாகிவிடும். இந்த நியாயத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் நீ. பம்மல் லேபில் நாளெல்லாம் கிருமி வளர்த்துப் பார்க்கிறவளுக்கு ஈஸ்ட் வளர்ப்பதா பெரிய காரியம்? சேலையூரில் உன் மூன்றாம் மாடி சமையலறையில், ஒரு மூடி போட்ட வாளியை வைத்து, நாம் இரண்டு பேரும் பீர் போட ஆரம்பித்தோம்.

முதல் முறை முடிந்ததும், வாளியின் அடியில் தங்கிய வண்டலைக் கொட்டப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாய். "அறிவிருக்கா உனக்கு? அத்தனையும் உசுருடி." கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றிக் கலக்கினாய். கசடு கீழே இறங்கியதும், மேலே பால் போல நின்ற ஈஸ்டை மட்டும் பாட்டிலில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தாய். அடுத்த முறை பீர் போடுவதற்கு இரண்டு நாள் முன்னால் அதை எழுப்ப வேண்டும். பார்லியை முளைகட்டி அரைத்த மால்ட் தூளைக் காய்ச்சி ஆறவைத்து, அதில் ஈஸ்டை விட்டு, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு குலுக்கு. அதற்குப் பெயர் ஸ்டார்ட்டர். "தூங்கி எந்திரிச்சவனை உடனே மூட்டை தூக்கச் சொல்லுவியா? மொதல்ல ஒரு காபி குடுக்க மாட்ட?" என்பாய். எனக்கு அது புரிந்துவிட்டது.

பாட்டில் மூடிகளில் எத்தனையாவது தலைமுறை ஈஸ்ட் என்று எழுதி ஒட்டினாய். கூடவே என் பெயரையும் எழுதினாய். எதற்கு என்று கேட்டதற்கு, "எல்லாம் நீ வந்த நேரம்தான்டி நல்லா வருது" என்றாய். நான் பூரித்துப்போனேன். மடச்சி.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு பாட்டில், ஆளுக்குப் பாதி. நம் குடி அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். மெயின்டனன்ஸ் என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜுக்குள் குளிர் போய், ஈஸ்ட் தானாகவே வேலையை ஆரம்பித்திருக்கிறது. மூடியை இறுக்காதே, காற்று போகணும் என்று எனக்கு நூறு முறை சொன்னவள், அன்றைக்கு நீயே இறுக்கி வைத்திருந்தாய். பாஸ்டரம்மா தண்ணீர் எடுக்கக் கதவைத் திறந்தார்கள். மூடி டப்பென்று பறந்து, பட்டுப்புடவை எல்லாம் நுரை. பின்னால் வரிசையாக ஆறு பீர் பாட்டில். அவர்கள் மூடியைக் கீழேயிருந்து எடுத்து, அதிலிருந்த பெயரைச் சத்தமாகப் படித்தார்கள்.

ஹாலில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கேள்வி மட்டும் உன்னிடம் வந்தது. நீ ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"அவளுதும்மா. வீட்ல இடம் இல்லன்னு வச்சுட்டுப் போனா. என்ன ஏதுன்னு நான் கேக்கல."

சொல்லிவிட்டு, துணி எடுத்துவந்து தரையைத் துடைத்தாய். நான் மடியில் பைபிளோடு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெயர் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் போனதும் நீ எப்படியாவது சரிசெய்துவிடுவாய் என்று நம்பினேன்.

சாயங்காலம் வந்தாய். "பொண்ணுக்கு வரன் பார்த்துட்டு இருக்கோம்டி. இப்ப போய் நான் எப்படிச் சொல்றது? உனக்கென்ன, உனக்குப் பையன்தான?" பிறகு கல்யாணம் முடியட்டும் என்றாய். கல்யாணம் முடிந்ததும், சம்பந்தி வீட்டில் கண்டிப்பு ஜாஸ்தி, கொஞ்சம் பொறு என்றாய்.

பதினோரு வருஷம் ஞாயிறு பள்ளி எடுத்தவள் நான். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கம்மா" என்று பாஸ்டர் தன்மையாகத்தான் சொன்னார். அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை. கேம்ப் ரோட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது, என் வகுப்புக் குழந்தை ஒன்று டீச்சர் என்று ஓடிவந்தது. அதன் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். அன்று வீட்டுக்கு வந்து காயை அப்படியே போட்டுவிட்டுப் படுத்தேன். நீயோ அந்த வருஷமும் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர்.

இதில் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிற இடம் ஒன்று உண்டு. "எப்படியும் உனக்குப் பேர் வந்தாச்சு, இனிமே உங்க வீட்லயே போடலாம்" என்று வாளியையும் பாட்டில்களையும் இங்கே கொண்டுவந்து வைத்தாய். ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் வந்தாய். நானும் ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்தேன். உன்னைப் போல என்னைச் சிரிக்கவைக்க வேறு ஆள் இல்லை, என்ன செய்ய?

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, லேபிலேயே மயங்கி விழுந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. சொல்லவேண்டியதைச் சொல்லாமலேயே தப்பித்துவிட்டாய்.

இன்று காலையில் உன் மகள் வந்தாள். சிறுசேரி ஆபீஸுக்குப் போகிற வழியில், ஞாயிற்றுக்கிழமை உன் நினைவு ஜெபத்துக்கு அழைத்துவிட்டுப் போக. சமையலறை மேடையில் நுரைத்துக்கொண்டிருந்த ஸ்டார்ட்டர் குடுவையைப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"இன்னும் விடலையா ஆன்ட்டி? நீங்க இதை விடணும்னு அம்மா தினமும் ஜெபம் பண்ணுவாங்க. உங்களுக்குத் தெரியாது."

தினமுமா? சனிக்கிழமைகளிலுமா?

எதை அடக்கி வைத்திருந்தேனோ அது வெளியே வந்துவிட்டது. "இது உங்க அம்மாவோடதும்மா. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே அவதான். வாரா வாரம் இங்க வந்து குடிச்சா."

அவள் கத்தவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அவங்க இல்லன்னு இப்படிப் பழி போடாதீங்க ஆன்ட்டி. அம்மா உங்களை ஒரு வார்த்தை தப்பா பேசினதில்ல." வாசலில் செருப்பு மாட்டும்போது, "ஜெபத்துக்கு வாங்க" என்று மறுபடியும் சொன்னாள். உன் வளர்ப்பு, மரியாதையான பெண்.

அவள் போனபிறகு குடுவையைத் தூக்கிக்கொண்டு சிங்க் வரை போனேன். கவிழ்க்கக் கை வரவில்லை. நீ செய்ததற்கு அந்த உயிர்கள் என்ன செய்யும்? திரும்பக் கொண்டுவந்து வைத்து, ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் மால்ட் தூளை அடுப்பில் ஏற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவேன், கடைசி பெஞ்சில் உட்காருவேன். அந்தப் பெயரையும், தரையைத் துடைத்த அந்தத் துணியையும், உனக்கென்ன பையன்தான என்றதையும் எந்தக் காலத்திலாவது மன்னித்துவிடுவேன். நீ எனக்காகச் செய்த ஜெபத்தை மட்டும் மன்னிக்க மாட்டேன்.