தவளை நெஞ்சில் ஒரு புள்ளடி

ரீச்சர்,

இன்று காலை என் கைத்தொலைபேசிக்கு ஓர் இணைப்பு வந்தது. அனுப்பியவள் நம் சம்பூர்ப் பிள்ளை. இரட்டைப் பின்னலும் கேள்வியுமாக முன்வாங்கில் இருப்பாளே, அவள்தான். இப்போது அவளே உயிரியல் ஆசிரியை. தமிழில் பாடங்கள் செய்து, யாரும் காசில்லாமல் பார்க்கும்படி இணையத்தில் போடுகிறாள். திறந்து பார்த்தேன். ஒரு தவளை மல்லாந்து கிடந்தது. அதன் நெஞ்சில், இதயம் இருக்க வேண்டிய இடத்தில், சின்னதாக ஒரு பெட்டி. பெட்டிக்குள் சிவப்பில் ஒரு புள்ளடி, வாக்குச்சீட்டில் போடும் பெருக்கல் குறி மாதிரி.

சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நீங்கள் மௌத்தாகிக் கண்மூடிய பிறகு ஒரு நோன்புப் பெருநாளும் வந்து போய்விட்டது. இந்தப் புள்ளடியைக் காட்டிச் சிரிக்க எனக்கு வேறு ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சண்டையால் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்த காலம் அது. நம் பாடசாலையின் ஆய்வுகூடத்தில் குடும்பங்கள் தங்கியிருந்தன. பரிசோதனை மேசைகளில் குழந்தைகள் தூங்கின. உயிரியல் படிப்பித்தவர் குடும்பத்தோடு கொழும்புக்குப் போனவர், திரும்பி வரவில்லை. உயர்தர உயிரியல் வகுப்பில் பாதிப் பேர் சம்பூர்ப் பிள்ளைகள், எழுதிய கொப்பிகளையெல்லாம் வீட்டோடு விட்டுவிட்டு வந்தவர்கள்.

"படிப்பிக்க ஆள் இல்லாமல் என்னெண்டு நடத்திறது? கலைப் பிரிவுக்கு மாறட்டும்" என்றார் அதிபர்.

"மாறின பிள்ளை திரும்பி வராது சேர். புது ஆள் வரும் வரைக்கும் நாங்க பாத்துக்கொள்றம்" என்றீர்கள்.

'நாங்க' என்றபோது உங்கள் கண் என் பக்கம் திரும்பியது. நீங்கள் சித்திர ஆசிரியை, நான் ஆங்கிலம். உயிரியலில் நமக்குத் தெரிந்ததெல்லாம் மீன் கழுவும்போது கண்ட குடல்தான். வெளியே வந்து உங்களைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் அசையவில்லை. "இங்கிலிஸ் உங்கட, படம் என்ட. மிச்சம் எல்லாம் இன்ரநெற்றில இருக்காம், பயப்படாதீங்க."

கடற்கரை வீதிக்குப் பின்னால் இருந்த அந்த இன்ரநெற் கடை நினைவிருக்கிறதா? இரண்டு கணினிகள், ஒரு மின்விசிறி, மின்சாரம் வந்தால் உண்டு. அங்கேதான் வெளிநாட்டுப் பாடசாலை ஒன்றின் பக்கத்தைக் கண்டுபிடித்தோம். தவளையின் தோலைத் தொட்டால் தோல் விலகும், தசையைத் தொட்டால் தசை விலகும். தவளைக்கும் நோவில்லை, நமக்கும் நாற்றமில்லை. வெளியில் வறண்ட கச்சான் காற்று மண்ணை வாரி இறைத்த நாட்களில் நிஜத் தவளைக்கு எங்கே போவது? படம் மேலிருந்து கீழே வரி வரியாக இறங்கும். முதலில் தலை, பிறகு கைகள். அது இறங்க இறங்க நீங்கள் பென்சிலால் தாளில் கீறுவீர்கள். பக்கத்தில் இருந்து நான் ஆங்கிலத்தைத் தமிழாக்குவேன். ஈரலுக்கும் இரைப்பைக்கும் இடையில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த இணையப் பக்கத்தை நீங்கள் வகுப்புக்குக் கொண்டுபோன விதத்தை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. பெரிய டிமை தாள்களில் தவளையை அடுக்கடுக்காகக் கீறி, மேல் விளிம்பில் ஒட்டினீர்கள். ஒரு பிள்ளை தடியால் தோலைத் தொட்டால் நீங்கள் அந்தத் தாளைத் தூக்குவீர்கள், கீழே தசை தெரியும். உடனே தூக்கவும் மாட்டீர்கள். "பொறுங்க, லைன் ஸ்லோ" என்று பிள்ளைகளைக் காக்க வைப்பீர்கள். வீடு விட்டு வந்த நாளில் இருந்து வாய் திறக்காத பிள்ளைகள் அந்த இடத்தில் சிரித்தார்கள்.

சோதனைச் சாவடியில் சுருட்டிய தாளைக் கண்டு ஒரு சிப்பாய் விரிக்கச் சொன்னதையும் மறக்கவில்லை. அவன் குனிந்து பார்த்தான். "கெம்பா?" என்றான். சிங்களத்தில் தவளையை அப்படித்தான் சொல்வார்கள். "ஓம், கெம்பாதான்" என்று நீங்கள் தோலையும் தூக்கிக் காட்டினீர்கள். அவன் மற்றவனையும் கூப்பிட்டுக் காட்டினான். அன்று நமக்குப் பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்து முணுமுணுத்தார்கள்.

கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம். பின்னேரம் கடைசிப் பாதை, அந்த மிதவைப் படகு, போய்விட்டால் நீங்கள் வீடு போக ஏலாது. இதயம் இறங்க வேண்டிய நாளில் தொலைபேசி இணைப்பு இழுபட்டது. மற்ற உறுப்புகள் வந்துவிட்டன. 'இதயம்' என்ற சொல் வந்தது. பக்கத்தில் பெட்டியும் சிவப்புப் புள்ளடியும் வந்து அப்படியே நின்றன. நாம் இருவரும் அப்படி ஒன்றை அதற்கு முன் கண்டதில்லை.

"இதயத்தை மட்டும் ஏன் பெட்டியாக் கீறி இருக்காங்க?"

"தவளைக்கு அப்படித்தானாக்கும்" என்றேன், பெரிய நிபுணி மாதிரி.

கண்டதைக் கண்டபடி கீறுவது உங்கள் பழக்கம். புள்ளடியின் சாய்வுகூடப் பிசகவில்லை. கீறி முடித்து, பாதையைப் பிடிக்க ஓடினீர்கள். பிள்ளைகளும் அதைப் பார்த்து அப்படியே கீறிப் படித்தார்கள்.

தவணைப் பரீட்சை முடிந்த கையோடு மட்டக்களப்பில் இருந்து புது உயிரியல் ஆசிரியர் வந்து சேர்ந்தார். விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தவர் ஓய்வறையில் தலையை நிமிர்த்திக் கேட்டார்: "தவளையின்ர நெஞ்சில வோட்டுப் போட்டது ஆர்?"

அது படம் வந்து சேராத இடத்தின் அடையாளம் என்று அவர்தான் சொன்னார். ஓய்வறை குலுங்கியது. நீங்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தீர்கள். கதை வகுப்புக்குப் போனபோது சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாள் சம்பூர்ப் பிள்ளை நம் முன் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அவள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும்.

"இதயம் எது எண்டு தெரியாமல் எழுதியிருக்கிறம் மிஸ். எங்களுக்கு இது சரிவராது. நாங்கள் கலைக்கே போறம்."

அதிபர் சொன்னதை அவர்களே சொல்லிவிட்டார்கள். இவ்வளவு நாள் பாடுபட்டதெல்லாம் ஒரு பெட்டியால் போகிறதே என்று நினைத்தேன். நீங்கள் அவளுடைய விடைத்தாளை எடுத்தீர்கள். அந்தப் பெட்டியில் விரலை வைத்தீர்கள்.

"இது எங்க இருக்குது மகள்?"

"நெஞ்சில."

"ஈரலுக்கு மேலயா, கீழயா?"

"மேல. நடுவில."

"அப்ப இடம் சரிதானே? படம்தான் இன்னும் வரல்ல. வரும்."

புது ஆசிரியரைத் திரும்பிப் பார்த்து, "சேர், இடத்துக்கு அரைப் புள்ளி குடுக்க ஏலாதா?" என்றீர்கள். அவர் நல்ல மனிதர். எல்லாருக்கும் கொடுத்தார். பிறகு அவர் சொல்லச் சொல்ல, மூன்று அறையோடு ஓர் இதயத்தைக் கீறி நம் தாளில் இருந்த பெட்டிக்கு மேலே ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டினீர்கள். தூக்கிப் பார்த்தால் கீழே புள்ளடி இருக்கும். அழித்துவிடலாமே என்று நான் சொன்னதற்கு, "இருக்கட்டும், பொறுத்திருந்ததும் பாடம்தானே" என்றீர்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் கலைக்குப் போகவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு உப்புவெளியில் வீட்டோடு நாலைந்து பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். வினைச்சொல் வர வேண்டிய இடம் தெரிந்து, சொல் தெரியாமல் கோடு போட்டு விட்டிருந்தால் அரைப் புள்ளி போடுகிறேன். 'ஏன் மிஸ்?' என்று கேட்டால் உங்கள் தவளைக் கதையைச் சொல்வேன். உங்களிடம் கடன்பட்டவள் நான், ரீச்சர். எனக்குத் தெரியாத பாடத்தை ஏற்க என்னைத் துணிய வைத்தவர் நீங்கள்.

இன்று காலை அந்தப் பெட்டியைத் தொட்டேன். இரவு பெய்த மழைக்கு இணைப்பு மந்தமாக இருந்தது. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: 'பொறுங்க, லைன் ஸ்லோ.'

பொறுத்திருந்தேன். வந்தது ரீச்சர். மூன்று அறையோடு, துடித்துக்கொண்டு வந்தது.