காலிக் கோட்டில் படுத்த முள்

கையில் டீசல் வாடை. சோப்புத்தூள் போட்டு மூன்று முறை தேய்த்தும் போகவில்லை. சோற்றைப் பிசையும்போதெல்லாம் மூக்கில் ஏறியது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். இன்று நம் வண்டியின் டேங்கைத் திறந்தோம் மச்சான். ஏழு வருடத்துக்கு முன் நீ திறந்து மூடியதற்குப் பிறகு இன்றுதான்.

நான் ஓட்ட, நீ ஐஸ் ஏற்றி இறக்க, நாம் இருவரும் சேர்ந்து நடத்திய அந்தப் பழைய பிக்கப்பை இனி என் மகள் செல்விதான் ஓட்டப்போகிறாள். "டீசல் முள்ளு பொய் சொல்ற வண்டிய நான் தொட மாட்டேன் நைனா" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால்தான் திருவொற்றியூரில் பாபுவின் பட்டறைக்குக் கொண்டுபோனோம்.

அந்த முள் முதலில் வேறு மாதிரிப் பொய் சொல்லிக்கொண்டிருந்ததே, அதை நினைத்துக்கொண்டேன். டேங்க் வறண்டு கிடந்தாலும் கால் டேங்க் இருப்பதாகவே காட்டும். அதோடு சேர்ந்தது என் போணிப் பைத்தியம். காலையில் முதல் நடை ஐஸை இறக்கிக் கையில் பணம் வாங்காமல் நான் பங்க்கில் வண்டியை நிறுத்தமாட்டேன். போணி ஆகுமுன் காசு வெளியே போனால் அன்றைய நாளே விளங்காது என்பது என் நம்பிக்கை. முள்தான் கால் டேங்க் காட்டுகிறதே, அப்புறம் என்ன கவலை?

அந்தச் சித்திரை வெயிலில், காத்திவாக்கம் இறால்காரர்களுக்கு ஐஸ் கொண்டுபோகும் வழியில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி காய்ந்து நின்றுவிட்டது. நீ கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தாய். டீசலை ஊற்றினால் மட்டும் போதுமா? குழாயில் புகுந்த காற்றையும் எடுக்க வேண்டும். கைப்பம்பை அமுக்கி அமுக்கி உன் கட்டைவிரல் சிவந்துவிட்டது. அதற்குள் ஐஸ் தண்ணீராகிச் சாலையில் ஓடியது. நாம் போய்ச் சேர்ந்தபோது, காத்திருந்த பெண்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. கெட்டுப்போன இறாலைக் கூடை கூடையாக மணலில் கொட்டிப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பும்போது நீ ஒன்றே ஒன்று சொன்னாய். "ஐஸுக்கு போணியெல்லாம் தெரியாது மச்சான். உருக மட்டுந்தான் தெரியும்."

அடுத்த ஞாயிறு, முள்ளைச் சரிசெய்கிறேன் என்று நீயே டேங்கைத் திறந்தாய். சரிசெய்த லட்சணம்! அன்றிலிருந்து சாயங்காலமானால் முள் காலிக் கோட்டில் படுத்துவிடும். உள்ளே மிச்சம் இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு என்றுதான் தெரியாது. அந்தப் பயத்திலேயே வீட்டுக்குப் போகுமுன் தினமும் டீசல் போட்டேன். வண்டி அதற்குப் பிறகு ஒரு நாளும் நடுரோட்டில் நிற்கவில்லை. அதை என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

உன்னை மட்டும் சும்மா விடவில்லை. அந்தோணி டீக்கடையில் உட்கார்ந்து, "ஒரு முள்ளுக்கு வைத்தியம் தெரியாத மெக்கானிக்" என்று ஏழு வருடம் உன்னை ஓட்டினேன். கடையே சிரிக்கும். நீயும் சிரிப்பாய். போன மழைக்காலத்தில் நீ கண்மூடிய பிறகுகூட ஒரு நாள் வாய் சும்மா இல்லாமல் அதையே சொல்லிவிட்டேன்.

இன்று பாபு, டேங்குக்குள் டீசலோடு ஏறி இறங்கி முள்ளை நகர்த்தும் அந்த மிதவையை வெளியே எடுத்தான். அதைத் தாங்கும் கம்பி மேல்பக்கமாக வளைந்திருந்தது. நிமிர்ந்துவிடாமல் இருக்கச் செம்புக் கம்பி வேறு சுற்றியிருந்தது.

"இத்த யாருண்ணே செஞ்சது? யூனிட்ட புச்சா மாத்திகீறாரு. அப்பால வேணும்னே வளைச்சிகீறாரு. கால் டேங்கு இருக்க சொல்லவே காலின்னு காட்டட்டும்னு அளந்து செஞ்ச வேலண்ணே இது."

ஓரமாகக் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

"அப்டியே வுட்டுடவா?" என்றான் பாபு. விடு என்று சொல்ல வாயெடுத்தேன். செல்வி முந்திக்கொண்டாள். "நேராக்கிடுண்ணா. எனக்கு போணி கீணியெல்லாம் கெடையாது. கெளம்ப சொல்லவே போட்டுக்கினு போவேன்."

அவள் சொல்வது நியாயம்தான். நேராக்கச் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனேன். வழக்கமான ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். நீ வேலை தெரிந்தவன், முட்டாள் நான்தான் என்று உரக்கச் சொன்னேன். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அந்தோணி டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"இது எங்களுக்கு அப்பவே தெரியும்ண்ணே. வளைச்ச அன்னிக்கே உங்க மச்சான் வந்து சொல்லிட்டாரு. அவன் கைல மட்டும் சொல்லிடாதீங்க, தெரிஞ்சா மறுபடியும் போணின்னு குந்திக்குவான்னாரு."

அப்படியானால் ஏழு வருடமாகக் கடை சிரித்தது என்னைப் பார்த்துத்தான்! நீயும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி, சிரித்திருக்கிறாய். இன்று நானும் அவர்களோடு சேர்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். ஏமாந்தவனுக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று எனக்குத் தெரியாது மச்சான். இனி அந்தக் கதையை அங்கே நான்தான் சொல்வேன், என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய இடம் ஒன்றைக்கூட விடாமல்.