அண்ணியின் கைக்கு ஏற்ற ஈயம்

என் முரட்டு அண்ணனுக்கு,

டாலாவில் இன்னும் வெயில்தான். மழைக்கு முன்னால் வலை ஆற்றில் இறங்கிச் சோறு போடவில்லையென்றால் அண்ணியையும் பிள்ளையையும் மாண்டலேக்குக் கூட்டிப்போய்விடுவதாக அவள் தம்பி சொல்லிவிட்டான். பர்மாக்காரிக்குத் தமிழன் வீட்டில் இனி என்ன வேலை என்று கேட்டானாம். என்ன வேலையா? இது அவள் வீடு, அவ்வளவுதான்.

ஆமாம், வலை வீசப்போவது அண்ணிதான். சிரிக்காதே. உன் பெரிய வலையைத் தோளில் போட்டால் ஈயக்குண்டுகளின் கனத்தில் ஆளே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறாள். நீ பின்னி முடித்து, ஈயம் கட்டாமல் விட்டுப்போன சின்ன வலை இருக்கிறதே, அதுதான் அவளுக்குச் சரி. சின்னக் குண்டுகளாக நானே வார்த்துக் கட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

ஃபெரியில் ஆற்றைக் கடந்து, ரங்கூன் லான்மடாவில் நீ போகும் அதே பழைய இரும்புக்கடைக்குப் போனேன். பளபளவென்று ஈயம் கிடந்தது. கார் சக்கரத்தில் எடைக்குப் பதிக்கிறதாம். வாரிக்கொண்டு வந்து, வாசலில் கரியடுப்பு மூட்டி, காற்று வரும் பக்கமாக நின்று உருக்கி ஊற்றினேன். குண்டெல்லாம் முத்து மாதிரி இருந்தது. கயிற்றில் மாட்டிக் குறட்டால் அழுத்தினேன், பிஸ்கட் மாதிரி பிளந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. உன்மேல் வந்த கோபத்தில், எல்லாவற்றையும் அரைகுறையாக விட்டுவிட்டு ஏன் செத்தாய் என்று கத்தியே விட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. நீ நகத்தால் கீறிப் பார்க்காமல் ஈயம் வாங்கியதே இல்லை. கீறல் விழுந்தால்தான் மெது ஈயம். அதோடு விட்டாயா? குண்டைக் கயிற்றில் மாட்டிப் பல்லால் கடித்து மூடுவாய். விஷம்ணே என்று எத்தனை தடவை உன்னிடம் மல்லுக்கு நின்றிருப்பேன்?

திரும்பக் கடைக்குப் போய் மூட்டை முழுக்கக் கீறினேன். நகம் உடைந்ததுதான் மிச்சம். பழைய டெலிபோன் கேபிளின் மேல்தோல்தான் மெது ஈயமாம், இப்போது வருவதில்லையாம். கடைக்காரர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஒங்க அண்ணன்தான் இருந்ததையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போயிட்டாரேம்மா" என்றார்.

எனக்கு அது தெரியாமலா? சுவரில் தொங்கும் உன் பெரிய வலையில், குண்டுக்குக் குண்டு உன் பல் தடம் இருக்கிறது. அதில் கைவைக்க எனக்கு மனசு வரவில்லை. அண்ணிதான் கத்தியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஞீமா," என்றாள். தங்கையை அவள் பாஷையில் அப்படித்தானே கூப்பிடுவாள். "அவரு பல்லு செவுத்துல தொங்கி என்னா செய்யுது? ஆத்துல வந்து வேலை செய்யட்டும்."

அறுத்தோம். உருக்கினோம். ஒரே ஒரு குண்டை மட்டும் இடுப்பு மடிப்பில் ஒளித்தேன். அண்ணி கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன், அண்ணே. அழுதுகொண்டேதான் கொடுத்தேன்.

புதுக் குண்டுகள் குறட்டுக்கு வெண்ணெயாக வளைந்தன. அண்ணியின் முதல் வீச்சு, கசங்கிய லுங்கி மாதிரி சுருண்டு விழுந்தது. கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வலையை இழுத்து மறுபடி தோளில் போட்டாள். இன்று காலை அது வட்டமாக விரிந்து விழுந்தது. நீ பார்த்தாயா?

இனி யாரும் ஈயத்தில் பல் வைக்க மாட்டோம். அண்ணி வலை வீசும்போது படகு ஆடாமல் நான் பிடித்துக்கொள்கிறேன். மாண்டலேக்காரன் வரட்டும். அவன் அக்கா பிடித்த மீனிலேயே குழம்பு வைத்து, வயிறாரச் சோறு போட்டு, தனியாக வண்டியேற்றி அனுப்புகிறேன்.

உன் வாயாடித் தங்கை,
செல்வி