சுட்டது யார் என்று எனக்கும் தெரியாது

ஜூலை 8, சனி. பாளையங்கோட்டை.

விடிந்ததிலிருந்து மேல்காற்று. வடகம் காயப்போட முடியவில்லை, எல்லாம் புழுதி. தொடர்கதை அத். 9 ப்ரூப் இன்னும் வரவில்லை. தச்சநல்லூர் அச்சுக்கூடத்து அண்ணாச்சிக்கு எப்போதும் இதே வேலை.

மத்தியானம் இவர் கடைக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தார். கையில் பை இல்லை. முகம் வெளுத்துப்போய்.

"ஏளா, ஜங்ஷன்ல ஒரு வெள்ளைக்கார அதிகாரியச் சுட்டுட்டானுவளாம். ரயில் பெட்டிக்குள்ளயே வச்சி. ஆளு பிழைக்கதே கஷ்டமாம்."

சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். இரக்கம் முதலில் வரவில்லை, கர்த்தரே மன்னியும். முதலில் நினைவுக்கு வந்தது அத். 9.

அதில் எழுதியிருப்பது: அதே ஜங்ஷன். முதல் வகுப்புப் பெட்டி. தேயிலைத் தோட்டத்துத் துரை. ஒரு வெடிச்சத்தம், புகை. சுட்டது யார்? அதோடு நிறுத்தி 'தொடரும்'.

எழுதியது நான். அச்சில் வருவது இவர் பெயர், பி.ஏ. பட்டத்தோடு. வாத்தியார் பெண்டாட்டி நாவல் எழுதுகிறாள் என்றால் சபையில் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள் என்று இருவருமாகச் செய்துகொண்ட ஏற்பாடு. இவர் ஒரு வரி படித்ததில்லை. கட்டுக்கதை என்றாலே தூக்கம் வந்துவிடும்.

ஜூலை 9, ஞாயிறு.

கோயிலில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. பின்னால் பெண்கள் குசுகுசு.

"போலீசுக்காரனுவ வீடு வீடா நுழையுதானுவளாம்."

"எழுதுதவனத்தான் மொதல்ல பிடிக்கானுவளாம்."

எழுதுகிறவனை. சங்கீதப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

எல்லாம் இந்த இங்கிலீஷ் நாவல் பைத்தியத்தால் வந்த வினை. சீமை மகாராணி இறந்து பத்து வருஷமாகிறது, அந்தக் காலத்து நாவல்களை என்னால் விட முடியவில்லை. நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா அலமாரியில் மூன்று மூன்று பாகமாக இருக்கும். நான் முதன்முதலில் படித்ததில் இரண்டாம் பாகத்தைக் கரையான் தின்றிருந்தது. முதல் பாகத்தில் கன்னிப்பெண், மூன்றாம் பாகத்தில் விதவை. நடுவில் என்னதான் நடந்தது? பொறுக்காமல் நானே எழுதிப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம்.

அந்தப் புத்தகங்களில் ரயிலில் சாகிறவர் பெரிய சீமானாக இருப்பார். முதல் வகுப்பில் நம்மவர் யாரை ஏற்றுவது? ஏற்றினால் வாசகர்கள் சிரிப்பார்கள். அதனால் துரை ஆக்கினேன். வேறு நினைப்பே இல்லை, சத்தியமாக இல்லை.

இன்னொன்று. அந்த இங்கிலீஷ்காரர்கள் ஒரு தெருவிளக்கைச் சொன்னாலும் சரியாகச் சொல்வார்கள். நானும் அப்படி எழுத ஆசைப்பட்டேன். பங்குனியில் இவர் தூத்துக்குடிக்குப் போனபோது, முதல் வகுப்புப் பெட்டி ஜங்ஷனில் எந்த இடத்தில் நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று விசாரித்து வரச் சொன்னேன். பாவி மனுஷன் விசாரித்து வந்தார்.

ஜூலை 10, திங்கள்.

அண்ணாச்சி கொல்லைப்பக்கமாக வந்தார். தலையில் துண்டு. உட்காரவில்லை.

"தாயி, அச்சுக்குக் கோத்த எழுத்த எல்லாம் கலைச்சாச்சு. நீங்க எழுதின தாளு அடுப்புக்குப் போயாச்சு. ஆனா போன மாசத்து அட்டையில 'அடுத்த இதழில்: ஜங்ஷனில் ஒரு கொலை!'ன்னு கொட்டை எழுத்துல போட்டுட்டோமே. ஊரெல்லாம் கெடக்கு. அத எங்கன போயிக் கலைக்க?"

அப்போதுதான் இவருக்கு எல்லாம் விளங்கியது. 

நான்தான் எழுதினேன் என்று போலீஸிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"நீ வெளிய வரப்படாது."

கதையைப் படித்தாவது வையுங்கள், கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா என்றேன். சரி என்று முதல் இதழை எடுத்தார். இரண்டாம் பக்கத்தில் குறட்டை. உயிர் போகிற பயத்திலும் இவருக்குத் தூக்கம் வருகிறது.

ஜூலை 12, புதன்.

வந்துவிட்டார்கள். காலைச் சாப்பாட்டு நேரம். இன்ஸ்பெக்டர், இரண்டு கான்ஸ்டபிள். மாவுப்பானை வரைக்கும் கைவிட்டுப் பார்த்தார்கள்.

"இம்புட்டு இங்கிலீஷ் புஸ்தகம் எதுக்கு வே?" ஒரு கான்ஸ்டபிள் புரட்டினான். ஒரு சீமாட்டி மயங்கி விழுகிற படம். டக்கென்று மூடிவிட்டான்.

இன்ஸ்பெக்டர் அந்த அட்டையை மேஜைமேல் வைத்தார். "ஜங்ஷன்ல மொத வகுப்பு எங்கன நிக்கும்னு கேட்டது நீருதானே?"

"ஆமா. கதைக்காக."

"சரி, கதையில சுட்டது யாரு?"

இவர் அட்டையைப் பார்த்தார். "தெரியாது."

"எழுதினவருக்கே தெரியாதோ? சட்டைய மாட்டும். ஸ்டேஷன்ல வச்சி ஞாபகம் வரும்."

கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. "எழுதினது நான். அவுக ஒரு வரி படிச்சது கெடையாது."

இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பம் நீங்க சொல்லுங்கம்மா. சுட்டது யாரு?"

எனக்கும் தெரியாது. அதுதான் உண்மை. அந்தந்த மாதம் பேனா பிடிக்கும்போதுதான் தெரியும். அதைச் சொன்னால் இவரைக் கொண்டுபோய்விடுவார்கள். வக்கீல் குமாஸ்தா என்று சொல்லவா? நாளைக்கு ஏதாவது ஒரு குமாஸ்தா வீட்டில் மாவுப்பானையை உடைப்பார்கள். காலேஜ் பையன்? மேலப்பாளையத்து நெசவாளி? கடவுளே, எவனைச் சொன்னாலும் அவன் வீட்டிலும் ஒருத்தி கதவுக்குப் பின்னால் நிற்பாள்.

"அவர் சம்சாரம்தான்" என்றேன்.

"துரைசானியா? ஏன்?"

"பதினெட்டு வருஷம் ஒரே வீட்டுல இருந்தாரு. அவ என்ன நெனைக்கான்னு ஒருநாள் கேட்டதில்ல."

வாயிலிருந்து அதுவாக வந்துவிட்டது. இவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டே இவர் தோளைத் தட்டினார். "இது குடும்பச் சண்டைலா! வாத்தியாரே, சூதானமா இரும் வே."

போய்விட்டார்கள். அடுப்படித் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

ஜூலை 13, வியாழன்.

தூறல். தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் இன்னும் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்க்கிறேன். மறுபடி வருவார்களோ?

இவர் பள்ளிக்கூடம் போகவில்லை. எல்லா இதழ்களையும் அடுக்கி வைத்துக்கொண்டு முதலிலிருந்து படிக்கிறார். தூங்கவில்லை.  ஏழாம் அத்தியாயத்தில் துரைசானி கையால் துரை சாப்பிடுகிற இடத்தை இரண்டு தரம் படித்தார்.

காப்பி கொண்டுபோய் வைத்தேன். டம்ளரை எடுத்தார். உள்ளே பார்த்தார். என் பக்கம் நீட்டினார்.

"மொதல்ல நீ ஒரு வாய் குடி."