ஒருத்திக்கு மட்டும் ஒரு சாவி

மதுரங்குளி
03.02.2024

அன்புத் தங்கச்சி ஷிஹாராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனை நீ எடுக்கிறதில்லை, அதனால் எழுதுகிறேன்.

பத்திரிகையில் நீதிமன்ற அறிவித்தலைப் பார்த்தேன். கடலுக்குப் போகும் பாதையை நான் கேட் போட்டு மறித்தேனாம். குறிஞ்சிப்பிட்டிக் கரைவலைக் குடும்பங்கள் எல்லாருக்காகவும் வழக்குப் போட்டிருப்பது நீ. ஊரே சிரிக்கிறது. நடுவால் பாதை ஓடினால் விடுதி கட்ட யார் என் காணியை வாங்குவான்?

உனக்குக் குறை வைப்பேனா? இத்துடன் கேட் சாவி வைத்திருக்கிறேன். வாப்பா காலத்திலிருந்து நீ நடந்த பாதை. நீயும் மச்சானும் வலையோடு தாராளமாகப் போங்கள். வழக்கை மட்டும் வாபஸ் வாங்கு.

உன் நானா,
தாஹிர்


குறிஞ்சிப்பிட்டி
09.02.2024

அன்புள்ள நானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். மதினியின் முழங்கால் வலிக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். சாவியும் அந்தப் பொதிக்குள்தான் இருக்கிறது, எறிந்துவிடாதீர்கள்.

உங்களுக்கு மீன் விற்றுப் பிழைக்காத ஆம்பிளை இந்த ஊரில் இல்லை. "தாஹிர் நானாவுக்கு எதிரா நாங்க எப்புடிப் போறது?" என்று எல்லாரும் தலையைச் சொறிந்தார்கள். உங்களுக்குப் பயப்படாதவள் நான் ஒருத்திதானே, அதனால் என் பெயரைப் போட்டார்கள்.

பெயர்தான் என்னுடையது நானா, வழக்கு எல்லாருடையது. எல்லாருக்காகவும் வழக்காடக் கோர்ட்டில் அனுமதி எடுத்துவிட்டு, எனக்கு வழி கிடைத்தது என்று எழும்பி வர முடியாது. நான் விலகினால், பயந்தாலும் என் இடத்துக்கு இன்னொரு வலைக் குடும்பத்து ஸலாஹுதீன் வந்து நிற்பார்.

இன்னொன்று. அங்கே பாதையே இருந்ததில்லை என்கிறார் உங்கள் லோயர். நீங்களோ "வாப்பா காலத்திலிருந்து நீ நடந்த பாதை" என்று கைப்பட எழுதிவிட்டீர்கள். வழக்குத் தவணையன்று அந்தக் கடிதத்தைக் கோர்ட்டில் கொடுக்கத்தான் போகிறேன். நெஞ்சு வலிக்கிறது, ஆனாலும் மறைத்துவைக்க எனக்கு உரிமையில்லை. முன்கூட்டியே உங்களுக்குச் சொல்கிறேன். தங்கச்சியாக அவ்வளவுதான் முடியும்.

உங்கள்,
ஷிஹாரா


மதுரங்குளி
17.02.2024

ஷிஹாராவுக்கு,

எண்ணெய் நல்லது என்று மதினி சொல்கிறாள். எனக்கு உன்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. விடுதிக்காரர்கள் போய்விட்டார்கள்.

அந்த வரியை யோசிக்காமல் எழுதினேன். யோசித்திருந்தாலும் வேறு மாதிரி எழுத வராது. பாதை இருந்தது. வாப்பாவோடு வலை சுமந்து நானும் அதில்தான் நடந்தேன்.

பங்குள்ள எவரும் சேரலாம் என்று அறிவித்தலில் கிடந்ததே, உங்கள் பக்கம் என்னையும் சேர்ப்பார்களா என்று லோயரிடம் கேட்டேன். எதிராளிக்கு அது முடியாதாம். மனிசன் விழுந்து விழுந்து சிரித்தார். அதனால் கேட்டைக் கழற்றச் சொல்லிவிட்டேன். தவணையன்று எல்லார் பேரிலும் உடன்பாடு எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

நோன்புக்கு முன்னால் ஒரு நாள் வருவேன், அந்தப் பாதையாலேயே.

போனை எடு.

நானா