மூணாவது கியரில் வரும் சத்தம்

12-2-2025, புதன்

சத்தம் திரும்ப வந்துவிட்டது. அரியலூர் ரயிலடியில் ஆட்களை இறக்கிவிட்டு வந்த வண்டி, தெரு முனையில் திரும்பும்போதே தெரிந்தது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரு கர்ர்ர்க். தகர டப்பாவில் ஆணியைப் போட்டு ஆட்டினது மாதிரி. பொங்கலுக்கு முன்னால்தான் கியர் பெட்டியை இறக்கிப் பிரித்து, பேரிங், கியர் உரசாமல் விழ வைக்கிற பித்தளை ரிங் எல்லாம் புதிதாகப் போட்டு ஏற்றினோம். ஒரே ஒரு மாதம்தான் நிம்மதியாக ஓடியது.

மகன் செல்வன் இறங்கி வந்தான். மருமகள் மலர்க்கொடிதான், "மாமா, மறுபடியும் அதேதானா?" என்றாள். இந்த ஏழு சீட் வண்டிதான் வீட்டுக்குச் சோறு. காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மற்ற நேரம் வாடகை.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. இந்த எழுத்தே அறிவொளி வகுப்பில் வயசான பிறகு கிடைத்தது. ஆனால் கேட்ட சத்தம் எனக்கு மறக்காது. செந்துறைப் பக்கம் நான் ஓட்டின சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று. எழுபத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி மழை. எல்லா கியரிலும் ஊளையிடும், நாலாவதில் மட்டும் வாயை மூடிக்கொள்ளும். கீழ் ஷாஃப்ட் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் இடம் உண்டு. இதற்கு இடம் எது?

13-2-2025

இன்று இரண்டாவது கியரிலும்.

17-2-2025, திங்கள்

லப்பைக்குடிக்காடு போனோம். அஸ்லாம் பட்டறை. ஷார்ஜாவில் பத்துப் பன்னிரண்டு வருஷம் வண்டி பிரித்துவிட்டு வந்தவர். பொங்கலுக்கு முன்னால் பெட்டியைச் செய்ததும் அவர்தான்.

நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, நீள ஸ்குரூ டிரைவரைப் பெட்டியில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். எனக்கும் கொடுத்தார். சுத்தமாக இருந்தது. பேரிங்கில் குற்றம் இல்லை. கிளட்சை மிதித்தால், விட்டால் — இரண்டிலும் ஊளை இல்லை. பிறகு அவரே வெள்ளாற்றுப் பாலம் வரை ஓட்டிப் போய் வந்தார். மூன்றில் கொஞ்சம் முரண்டு பிடித்தது, அவ்வளவுதான். திரும்பச் செல்வன் உட்கார்ந்து ஓட்டினான். கர்ர்ர்க்.

"வண்டிக்கு என்னைய புடிச்சிருக்கு, ஒங்களத்தான் புடிக்கல மச்சான்" என்று அஸ்லாம் சிரித்தார். செல்வன் சிரிக்கவில்லை.

பெட்டியைத் திரும்ப இறக்கித்தான் பார்க்கணும் என்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேறு வண்டி சொல்லியாகிவிட்டது. போன பிள்ளைகள் திரும்ப வருமா?

21-2-2025, வெள்ளி

ஜும்மா தொழுகை முடிந்து வந்து பிரித்தார். ஆயிலைத் தட்டில் வடித்தார். சந்தனம் கரைத்தது மாதிரி மஞ்சள் பொடி மினுங்கியது. பித்தளை. அத்தனை ரிங்கும் தேய்ந்திருக்கிறது. ஒன்று அதிகம், ஒன்று குறைச்சல் என்று இல்லை. எல்லாம் ஒரே சீராக.

ஒரு ரிங் தேய்ந்தால் அந்தக் கியரின் குற்றம், எல்லாமே தேய்ந்தால் கிளட்ச் முழுசா கட் ஆகவில்லை, இன்ஜின் இழுக்க இழுக்கவே கியர் விழுகிறது என்று அர்த்தம் என்றார் அஸ்லாம். அது எனக்கும் தெரியும். ஆனால் கிளட்ச் பிளேட் நன்றாக இருக்கிறது. பிரஷர் பிளேட் நன்றாக இருக்கிறது. பெடலை அவர் கையால் அமுக்கிப் பார்த்தார், அதுவும் சரி. பிறகுதான் செல்வனைப் பார்த்து, "கிளட்ச அடி வரைக்கும் மிதிக்கிறீங்களா மச்சான்?" என்று கேட்டார்.

செல்வனுக்கு முகம் கறுத்துப் போனது. இருபது வருஷம் வண்டி ஓட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா? இவனுக்குக் கிளட்ச் பழக்கிவிட்டதே நான். நம் ஆட்கள் செருப்போடு வண்டியில் கால் வைப்பதில்லை, கும்பிட்டுத்தான் ஏறுவோம். வெறுங்காலால் மிதித்தால்தான் கியர் எங்கே விழுகிறது என்று உள்ளங்காலுக்குத் தெரியும் என்று சொல்லிக் கொடுத்தவன் நான்.

கோபத்தில் நான் பேசிவிட்டேன். பழைய ரிங்கையே பளபளன்னு தேச்சு, புதுசுன்னு மாட்டி அனுப்பிட்டியா தம்பி என்றேன். பட்டறையில் இருந்த மற்றவர்களும் கேட்டார்கள்.

அஸ்லாம் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கை கழுவிக்கொண்டு வந்து, "அய்யா, நான் ஹராமா ஒரு வாய் சோறு தின்னது கிடையாது" என்றார்.

3-3-2025

புது ரிங் அட்டைப் பெட்டியை என் கண் எதிரில் பிரித்துக் காட்டித்தான் மாட்டினார். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். குன்னம் வருவதற்குள் ஒரு ஸ்பீடு பிரேக்கர். இரண்டு போட்டு, மூன்று போட்டான்.

கர்ர்ர்க்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

19-3-2025

வரதராஜன்பேட்டைக்கு ஒரு கல்யாண வாடகை. நானும் போனேன். வழியில் ஜெயங்கொண்டம் கடைவீதியில் முன்னால் நின்ற ஆட்டோவின் பின்பக்கம் லேசாக இடித்துவிட்டான். ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "கண்ண வூட்டுலயே வச்சிட்டு வந்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். செல்வன் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்றான்.

வீட்டுக்கு வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். கட்டை நன்றாக இருக்கிறது.

அவனிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

28-3-2025

பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாதிப் பேர்தான் திரும்ப வந்தார்கள். சத்தம் கேட்டுப் பிள்ளைகள் பயப்படுகிறார்களாம். ஒரு தாயார் என்னிடமே சொன்னார். மலர்க்கொடி தையல் மிஷினை எடுத்து வெளியில் வைத்திருக்கிறாள்.

6-4-2025, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்.

காலையில் வண்டி கழுவினேன். கிளட்ச் பெடல் ரப்பர் பிசுபிசு என்று இருந்தது. கீழே மிதியடியிலும் ஈரம். துணியால் துடைத்துப் பார்த்தேன், மங்கல் மஞ்சள். கிளட்ச் சிலிண்டரிலிருந்து ஆயில் கசிகிறது! பெடலுக்கு நேர் மேலேதானே அது இருக்கிறது. கசிந்தால் அழுத்தம் குறையும், குறைந்தால் கிளட்ச் கட் ஆகாது, கட் ஆகாவிட்டால் ரிங் எல்லாம் ஒரே சீராகத் தேயும். எல்லாம் பொருந்துகிறது. பெட்டியில் குற்றம் இல்லை, அஸ்லாமிடம் குற்றம் இல்லை, என் பிள்ளையிடமும் இல்லை. சிலிண்டருக்குள் இருக்கிற சின்ன ரப்பர் வாஷரிடம்தான்.

செல்வனை அஸ்லாமிடம் போகலாம் என்றேன். அந்தப் பட்டறை வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறான். பரவாயில்லை. துடைத்த துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறேன். நாளைக்குப் பஸ்ஸில் போய்க் காட்டிவிட்டு வருவேன்.

இரண்டு மாதத்தில் இன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

7-4-2025, திங்கள்

எழுத முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

அஸ்லாம் என்னைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். பழைய பேச்சை எடுக்கவில்லை. நான் விஷயத்தைச் சொல்லித் துணியைக் கொடுத்தேன். இரண்டு விரலால் தேய்த்தார். மோந்து பார்த்தார். திரும்ப ஒரு தடவை மோந்தார். துணியை மடித்துப் பையிலேயே போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினார். பட்டறைக்குப் பின்பக்கம் என்னைக் கூட்டிப் போனார்.

"இது ஆயில் இல்லீங்கய்யா" என்றார். "அவரு கால பாருங்க. எங்க அத்தாவுக்கு இப்புடித்தான் ஆரம்பிச்சிச்சு." அவர் அப்பாவைச் சொல்கிறார்.

எப்படிப் பஸ் ஏறினேன், எங்கே இறங்கினேன் — தெரியவில்லை. என் மூக்கு என்ன செய்தது? அது என்ன நாற்றம் என்று எனக்குத் தெரியாதா? லாரியில் போன காலத்தில் கூட வந்த ஆளுக்குக் கால் அழுகி, அந்த நாற்றத்தோடு சேலம் வரைக்கும் போனவன்தானே நான். ஆயில் என்று நினைக்கணும் என்று ஆசை. அதனால் ஆயில்.

வீட்டுக்கு வந்தால், செல்வன் கட்டிலில் கால் நீட்டிப் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். கால்மாட்டில் போய் உட்கார்ந்தேன். இடது உள்ளங்கால், கட்டை விரலுக்குக் கீழே புளியங்கொட்டை அகலத்துக்கு ஒரு குழி. ஓரமெல்லாம் வெளுத்துத் தடித்திருக்கிறது. விரல் கறுப்பு. சர்க்கரை இருப்பது தெரியும். மாத்திரையை ஒரு நாள் போடுவான், ஒரு நாள் போட மாட்டான்.

குழிக்குப் பக்கத்தில் விரலை வைத்து அமுக்கினேன். நல்லா அமுக்கினேன். அவன் போனையே பாத்துக்கிட்டிருந்தான். திரும்பலை. எம்புள்ளைக்குத் தெரியலை. நான் அங்க உக்காந்திருக்கிறதே தெரியலை.

அந்தக் கால் கிளட்ச் எவ்வளவு தூரம் போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கும்? அப்ப அந்த ஆட்டோ? வலது கால் எப்படியிருக்கு? பிரேக்கு அந்தக் காலுல இருக்கே. பின்னாடி பச்சப்புள்ளைங்க உக்காந்து வருதே.

8-4-2025

காலையில் அவன் எழுந்திருப்பதற்கு முன்னாலேயே டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். கதவை உள்பக்கம் பூட்டினேன்.

முதலில் சிரித்தான். பிறகு அதட்டினான். பிள்ளைகளுக்கு நேரமாகிறது என்று கண்ணாடியைத் தட்டினான். மலர்க்கொடிக்கு எல்லாம் சொல்லியிருந்தேன். அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தெருவே கூடி நின்றது.

"காலுல சின்னப் புண்ணுப்பா. நடக்கிறேன் பாருங்க, நொண்டுறனா? வலி இருந்தாத்தான வியாதி? மொதல்ல பொட்டிய சரி பண்ண வழியப் பாருங்க" என்றான்.

வலி இல்லாததுதான்டா வியாதி என்று சொல்ல வந்தவன், ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வெயில் ஏறிக் கண்ணாடியெல்லாம் கொதித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேறு வண்டியில் போய்விட்டார்கள். கடைசியில் மலர்க்கொடிதான் சொன்னாள்: "மாமா எறங்க மாட்டாரு. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல போவோம் வாங்க." அவன் போனான். எனக்காகப் போகவில்லை. தெரு பார்க்கிறதே என்று போனான்.

12-4-2025

பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு விரலை எடுத்தாயிற்று.

24-4-2025

பாதிப் பாதம்.

டாக்டர் அம்மா, இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே என்றார்கள். சந்தோஷப்படணுமா? வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் மார்கழியிலிருந்தே அந்தப் பெட்டி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு தடவை பிரித்து, கழுவி, அதன் வாயைத்தான் அடைத்தோம்.

வலது காலிலும் உணர்ச்சி குறைவுதானாம். இனிமேல் வண்டி கிடையாது.

18-5-2025, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டான். சாப்பிடுகிறான், தூங்குகிறான், பேச்சுதான் இல்லை. பேசினால் ஒரே பேச்சு. அஸ்லாம் பெட்டியைக் கெடுத்தான், கெட்ட பெட்டிக்காகக் கிளட்சை அழுத்தி அழுத்தி மிதித்தேன், அதில்தான் கால் புண்ணானது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறான். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

இன்று மத்தியானம் அஸ்லாமே வந்தார். ஆப்பிள், பேரீச்சம்பழம் எல்லாம் வாங்கிக்கொண்டு, அவர் சம்சாரம் ஷஹானாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். செல்வன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். "மச்சான்" என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு டீயைக் குடித்துவிட்டு எழுந்தார்.

அந்தத் தம்பியிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். வாசல் வரைக்கும் கூடப் போனேன். வெயிலைப் பற்றிப் பேசினேன்.

2-6-2025

வண்டி தூசி ஏறி நிற்கிறது. விற்கலாம் என்றால் அவன் கத்துகிறான். ஆள் போட்டு ஓட்டலாம் என்றால், கெட்ட பெட்டியை எவன் ஓட்டுவான் என்கிறான். மலர்க்கொடி தைத்துக்கொண்டே இருக்கிறாள். எனக்கு எதற்கு இவ்வளவு ஆயுசு?

11-6-2025

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. மலர்க்கொடி யாரையும் கேட்கவில்லை. பூலாம்பாடியில் அவள் சித்தப்பா மகன் அழகேசன், கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன், அவனை வரச் சொல்லிவிட்டாள். லைசென்ஸ் வைத்திருக்கிறான். செல்வன் அவனை "வா" என்றுகூடச் சொல்லவில்லை.

23-6-2025, திங்கள்

அழகேசனுக்கு முதல் நாள். விடிந்ததும் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனான். செல்வன் வாசலில் நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல் வைத்து உட்கார்ந்திருந்தான். நான் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடித்துவிட்டுத் திரும்பினால் வண்டி வாசலில் நிற்கிறது. பிள்ளைகளை விட்டுவிட்டு வந்துவிட்டான். அது தெருவில் நுழைந்ததே எனக்குத் தெரியவில்லை.

செல்வன் அவனை இறங்கவிடவில்லை. முனை வரைக்கும் போய்த் திரும்பி வரச் சொன்னான். போய் வந்தான். "வேகமா வா, மூணு போட்டு வா" என்றான். திரும்பவும் போய் வந்தான். மூணு விழுந்ததை இன்ஜின் மூச்சு மாறினதில்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. மூணாவது தடவையும் போகச் சொன்னான். செல்வன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் குடத்தைக் கீழே வைக்கவில்லை.

வண்டி வந்து நின்றது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அஸ்லாம் வேல சுத்தம்ப்பா" என்றான்.

இன்ஜினை அணைக்கட்டுமா மாமா என்று அழகேசன் என்னிடம் கேட்டான். கொஞ்சம் ஓடட்டும் என்றான் செல்வன்.