பச்சையரிசியில் ஒரு கோணல் எழுத்து

விஜயதசமி இரவு, வெள்ளவத்தை.

இன்று எங்கள் கொட்டாஞ்சேனை அறநெறிப் பாடசாலையில் ஏடு தொடக்கினோம். இத்தனை வருடமும் போலவே, அதிபர் என்று நான்தான் பிள்ளைகளின் விரலைப் பிடித்துப் பச்சையரிசியில் ‘அ’ எழுதுவித்தேன். சுகந்தியின் மகன் என் மடியில் இருந்தபோது கை நடுங்கத் தொடங்கியது. காலையில் மருந்து போட்டும் கேட்காத சனியன் பிடித்த கை. எழுத்து கோணி அரிசியெல்லாம் சிதறியது. பிள்ளை பயந்து விரலை இழுத்துக்கொண்டான்.

சுகந்தி குனிந்து மெதுவாகச் சொன்னாள்: “சேர், வீடியோ வடிவா வரேல்லை. டீச்சரைக் கொண்டு இன்னொருக்கா எழுதுவிக்கட்டே?”

“ஓம் பிள்ளை, அதுக்கென்ன” என்றேன்.

இளைய ஆசிரியை அரிசியைத் தடவிச் சமப்படுத்தினார். அவர் எழுதுவித்த ‘அ’ அழகாகத்தான் இருந்தது. அந்த நாளில் சுகந்திக்கு ஏடு தொடக்கியது என்னுடைய இதே கைதான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. வீடியோ எடுத்தவர் எவருமில்லை. சுகந்தி அர்ச்சனைத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டல்லவா நின்றாள்.

நாளைக்கே பாடசாலைச் சபைத் தலைவரிடம் போய், இனி வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட வேண்டும். முடிவெடுத்தும் படுக்க மனம் வரவில்லை.

யாருடைய மனமும் நோகாமல் கதைக்க வேண்டுமென்று, சின்ன வயதில் அவளுக்குப் படிப்பித்ததும் நான்தான்.